இடப்பக்கம் கூலி, வலப்பக்கம் சொந்தம்

என் மேஜையின் கீழறையில், முடி உதிர்ந்த தூரிகைகளுக்கும் காய்ந்து இறுகிப்போன வர்ணக் குழாய்களுக்கும் நடுவே, சிவப்புத் துணி முதுகு வைத்துத் தைத்த பேரேடு ஒன்று கிடக்கிறது. மளிகைக் கடைகளில் பற்று வரவு எழுதுவதற்கென்று விற்கும் நீண்ட நோட்டுப் புத்தகம்தான் அது; 1966ஆம் ஆண்டில், என் பதினாறாவது வயதில், கோவில்பட்டிக் கடைத்தெருவில் வாங்கியது. ஒன்று நிரம்பியதும் அடுத்ததை அதனோடு சேர்த்துத் தைத்துக்கொண்டே வந்ததில், இன்று தலைக்கு வைத்துப் படுக்கலாம் என்கிற பருமனை அடைந்திருக்கிறது. அதன் இடப்பக்கங்களில், பிறர் சொல்லி நான் வரைந்தவையும் அவற்றுக்குக் கிடைத்த கூலியும் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. வலப்பக்கங்களில், ஒருவரும் கேளாமல் நானாகவே வரைந்தவை. சில வருஷங்களுக்கு வலப்பக்கம் வெறும் வெள்ளையாகக் கிடக்கிறது என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சித்திரம் பயிலும் மாணவர்கள் சிலர் அண்மையில் என்னை அழைத்துப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்த பிறகு, பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, கலையை நம்பி ஜீவனம் நடத்துவது எப்படி என்று கேட்டாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் இதே தொழிலில் உழன்றவன், சட்டென்று ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. வீட்டுக்கு வந்து பேரேட்டை எடுத்துத் தூசி தட்டினேன்.

கோவில்பட்டிக்காரனுக்குச் சித்திரம் என்பது கோயிலில் பரிச்சயமாவதற்கு முன்பே தீப்பெட்டியில் பரிச்சயமாகிவிடும். எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மாவும் அத்தையும் பசைச் சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, குரோஸ் கணக்கில் கூலிக்குத் தீப்பெட்டி ஒட்டுவார்கள்; ஒரு குரோஸ் என்பது 144 பெட்டி. ஒட்டி அடுக்கிய பெட்டிகள் அனைத்தின் முகத்திலும் ஒரே மயில், ஒரே யானை, ஒரே தாமரை. எழுத்துக்கூட்டத் தெரியாத வயதில், அந்த நூற்று நாற்பத்து நான்கு மயில்களில் எதன் கழுத்தில் நீலம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது, எதன் கொண்டையில் சிவப்பு ஏறாமல் விட்டுப்போயிருக்கிறது என்று தேடுவதே எனக்கு விளையாட்டு. அச்சுப் பிசகு என்று பின்னால் அறிந்துகொண்ட அந்த வழிசலைத்தான், மயிலுக்கு மயில் வேறுபடுத்துகிற உயிர்க்குறியாக அப்போது நினைத்திருந்தேன். அந்த அபிப்பிராயத்தை இன்னும் முற்றாகக் கைவிட்டுவிடவில்லை.

தீப்பெட்டிக்கு அடுத்தபடி காலண்டர். சி. கொண்டையராஜு எங்கள் ஊரில் வசித்த காலம் அது. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் தங்கியிருந்து, பிறகு நாடகக் கம்பெனி ஒன்றில் திரைச்சீலை எழுதுபவராக ஊர் ஊராகச் சுற்றி, 1940களில் கோவில்பட்டியில் நிலைத்த அந்த மனிதர், துறவுக்கும் நாடகக் கொட்டகைக்கும் இடையே உள்ள தூரத்தை ஒரே ஆயுளில் கடந்தவர். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய முருகனும் மீனாட்சியும் லக்ஷ்மியும் சிவகாசி அச்சகங்களில் பதிந்து, மளிகைக் கடைச் சுவரிலும் பூஜை அறை மாடத்திலும் குடியேறினார்கள். விசேஷம் என்னவென்றால், பல படங்களின் அடியில் குருவின் பெயரோடு டி.எஸ். சுப்பையா முதலான சீடரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். கையொப்பத்தை வைத்துத்தான் கலைஞனுக்குக் கௌரவம் என்று நம்புகிற இந்தக் காலத்துக்கு, இரண்டு கை சேர்ந்து ஒரு சாமியை எழுதி இரண்டு பெயரும் போட்டுக்கொண்ட அந்த வழக்கம் வியப்பாக இருக்கலாம். எங்களுக்கு அது, கொத்தனாரும் சித்தாளும் சேர்ந்து சுவர் எழுப்புவது போன்ற சாதாரண விஷயம்.

அந்தப் பெரிய வட்டத்துக்குள் நுழைய எனக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. எனக்கு வாய்த்தவர், தீப்பெட்டி லேபிளும் சோடாக் கம்பெனிச் சீட்டும் போட்டுக்கொண்டிருந்த ஓர் அண்ணாச்சி. பள்ளிக்கூடம் விட்டதும் அவர் வீட்டுக்குப் போய்த் தூரிகை கழுவுவது என் வேலை. ஒரு வருஷம் கழுவிய பிறகு, ஒரு கிளி போடச் சொன்னார். நான் பச்சை, அதன்மேல் கரும்பச்சை, சிறகு மடிப்பில் இளம்பச்சை என்று, கிளி பறந்தே போய்விடும் என்கிற அளவுக்குப் பச்சைகளைக் கொட்டி வைத்தேன். அண்ணாச்சி அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏலே, கிளி நல்லாத்தான் இருக்கு. ஆனா லேபிளுக்கு மூணு மைதான். பச்சைக்குன்னு தனி மைக்கு எவன் துட்டுக் கொடுப்பான்? மஞ்சள் மேல நீலத்தை ஏத்து. பச்சை தன்னால வரும்."

மஞ்சளுக்கு ஒரு தகடு, நீலத்துக்கு ஒரு தகடு, சிவப்புக்கு ஒரு தகடு. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போதுதான் கிளி பிறக்கும். ஆகவே கிளியை வரைவதற்கு முன், கிளியில் எங்கே மஞ்சள் மறைந்திருக்கிறது, எங்கே நீலம் மறைந்திருக்கிறது என்று கண்ணாலேயே உரித்துப் பார்க்க வேண்டும். நான்கு நாள் பிரயாசைப்பட்டு உரித்தேன். கிடைத்த கூலி ஐந்து ரூபாய். அதைக் கையில் கொடுத்தபோதுதான் அண்ணாச்சி பேரேட்டு யோசனையைச் சொன்னார்: "கூலிக்குப் போட்டத ஒரு பக்கம் எழுது, ஒனக்குன்னு போட்டத மறுபக்கம் எழுது. எந்தப் பக்கம் காலியாக் கெடக்குன்னு அப்பப்பப் பாத்துக்கோ." அவருடைய சொந்தப் பேரேட்டை நான் கேட்டுப் பார்த்ததில்லை, கேட்டிருந்தால் காட்டியிருப்பாரோ என்னவோ.

1968இல் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சிவப்புச் செங்கல் கட்டடங்களும் பெருமரங்களுமாக இருந்த ஓவியக் கல்லூரிக்குள் நுழைந்தேன். அலெக்ஸாண்டர் ஹன்டர் என்கிற வெள்ளைக்கார வைத்தியர் 1850இல் ஆரம்பித்த பள்ளி அது. ஆரம்ப நோக்கம், பெரிய கலைஞர்களை உண்டாக்குவது அல்ல, கைத்தொழிலைச் சீர்திருத்துவது. இன்று நம் வீட்டுச் சமையலறைகளில் கிடக்கும் அலுமினியப் பாத்திரம் இந்தியாவில் ஒரு தொழிலாக வேரூன்றியது, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்பிரட் சாட்டர்டன் அந்த வளாகத்தில் நடத்திய பரிசோதனையால்தான். சித்திரம் எழுதும் இடத்தில் சட்டி பானை தட்டினார்களா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. தீப்பெட்டி வீட்டிலிருந்து வந்த எனக்கு, அந்தச் செய்தியைக் கேட்டபோது, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டோம் என்கிற நிம்மதிதான் ஏற்பட்டது.

அந்தப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. பாறையை நெம்பும் அந்த நால்வருக்கு மாதிரியாக நின்றவர்களில் பள்ளியின் காவலாளியும் ஒருவர் என்று எங்கள் காலத்து மாணவர்களிடையே பேச்சு உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குப் போய் அந்தத் தோள்களைப் பென்சிலில் வரைந்து பழகுவோம். நாள் முழுவதும் வாசலில் நின்று சம்பளம் வாங்கிய மனிதர், அதே உடம்பைக் கொண்டு சிலைக்கும் நின்றார் என்பது அப்போது எனக்கு ஒரு வேடிக்கைச் செய்தியாக மட்டுமே இருந்தது.

நான் சேர்ந்தபோது கே.சி.எஸ். பணிக்கர் தலைமைப் பதவியிலிருந்து ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. ஆனால் கல்லூரியில் எந்த மரத்தடியில் உட்கார்ந்தாலும் அவருடைய பேச்சுத்தான். கோயமுத்தூரில் 1911இல் பிறந்து, தகப்பனார் காலமானதால் படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்து, இருபத்தைந்து வயதுக்குமேல் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தவர் அவர். கை தேர்ந்த மாணவர்கள் படிப்பு முடிந்ததும் ஏதாவது ஓர் அலுவலகத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து, இரண்டு வருஷத்தில் தூரிகையை மறந்துவிடுவதை ஆசிரியராக இருந்து வருஷந்தோறும் கண்டவர். பிறர் இதைக் கண்டு பெருமூச்சு விட்டார்கள். அரசாங்கம் ஏதாவது செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பணிக்கர் துணிக்குச் சாயம் போடச் சொன்னார்.

பாத்திக் என்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை. மெழுகை உருக்கித் துணியில் கோலம் போல் ஓட்ட வேண்டும். சாயத்தில் முக்கினால் மெழுகேறிய இடம் சாயத்தை ஏற்காமல் நிற்கும். உலர்ந்ததும் மறுபடி மெழுகு, மறுபடி வேறொரு சாயம். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகைக் கழற்ற வேண்டும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் நரம்பு நரம்பாக ஊடுருவியிருக்கும். அந்த நரம்பு எங்கே ஓடும் என்று போடுகிறவருக்கே தெரியாது. இப்படிச் செய்த துணிகளும் மற்றக் கைவினைப் பொருள்களும் விற்ற பணத்தைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சவுக்கும் மணலுமாகக் கிடந்த சில ஏக்கர் நிலத்தை வாங்கி, 1966இல் சோழமண்டலம் என்று பெயரிட்டுக் குடியேறினார்கள். சுல்தான் அலி, ஜானகிராம், கே.எம். கோபால், சேனாதிபதி, வாசுதேவ் என்று இன்று கலை உலகம் அறிந்த பலருடைய வீட்டுக்கு அஸ்திவாரம், ஏதோ ஒரு வீட்டின் ஜன்னலில் தொங்கிய திரைச்சீலைதான்.

மாணவனாக நான் அங்கே அடிக்கடி போவேன். பஸ்ஸை விட்டிறங்கி மணலில் நடந்தால், ஒரு குடிசை வாசலில் மெழுகு காயும் வாசனை வரும். அதன் உரிமையாளர் காலையில் மெழுகுக் கரண்டியோடு குனிந்திருப்பார். மதியத்துக்குமேல் போனால், அதே மனிதர் தம் கித்தானின் முன்னால், நான் வந்ததைக்கூடக் கவனியாமல் நிற்பார். காலையில் பேச்சுக்கொடுத்தால் பதில் வரும். மாலையில் வராது. அதைப் பார்த்துத்தான் ஒரு மனிதனுக்குள் இரண்டு மனிதர்கள் ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு வாழ முடியும் என்று தெரிந்துகொண்டேன்.

தெரிந்துகொண்டேன் என்று எழுதிவிட்டேன். கடைப்பிடித்தேனா என்றால் இல்லை. அங்கே வாழ்ந்த கே. ராமானுஜத்தைத் தொலைவில் நின்று பார்த்திருக்கிறேன். கோடுகளாலேயே கனவு மாளிகைகளையும் பறவைகளையும் பாம்புகளையும் பின்னியவர். தம்மையும் தொப்பி அணிந்த உருவமாக அந்தக் கனவுகளுக்குள் வைத்துக்கொண்டவர். 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் போய்விட்டார். கூரையும் சோறும் சகாக்களும் அமைந்த இடத்திலும் ஒருவன் தனியனாக இருக்கக்கூடும். சோழமண்டலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அது கண்ட வெற்றியை மட்டும் சொல்கிறபோது, எனக்கு அந்தத் தொப்பி ஞாபகம் வரும்.

1973இல் படிப்பு முடிந்தது. நான் போய்ச் சேர்ந்தது பத்திரிகைப் படத்துக்கு. தமிழ்நாட்டில் பத்திரிகைச் சித்திரம் சின்ன விஷயமல்ல. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது, வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் மணியம் கொடுத்த முகங்களைத்தான் இன்றுவரை வாசகர்கள் மனத்தில் சுமக்கிறார்கள். சில்பி கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து, கல்லின் மூக்கு உடைந்திருந்த இடத்திலும் சிற்பியின் எண்ணத்தைக் கண்டுபிடித்து வரைந்தவர். கோபுலுவின் கோட்டில் ஒரு மாமா வெற்றிலை மடிக்கிற விதத்திலேயே அவர் தஞ்சாவூர்க்காரர் என்று தெரிந்துவிடும். அந்த வரிசையின் கடைசிப் படியிலாவது ஒண்டிக்கொள்ளலாம் என்கிற ஆசை எனக்கு.

செவ்வாய்க்கிழமை மாலை கதை வரும். வியாழக்கிழமை காலை படம் ப்ளாக் செய்கிறவரிடம் போயாக வேண்டும். அச்சில் வரப்போகும் அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக, வழவழப்பான அட்டையில், இந்தியன் இங்க்கில் வரைவோம். கோடு தவறினால் வெள்ளைப் போஸ்டர் கலரைத் தடவி மறைப்போம். துத்தநாகத் தகட்டில் அமிலம் அரித்து, கோடு மட்டும் மேடாக நிற்கும். அதை மரக்கட்டையில் அறைந்தால் ப்ளாக். மெல்லிய கோடு போட்டால் அமிலம் தின்றுவிடும். நெருக்கமாகப் போட்டால் மை அடைத்துக்கொள்ளும். ஆகவே எவ்வளவு நயமான ரசனை உடையவனும் முதலில் அமிலத்துக்குப் பிடித்த கோட்டைப் போடக் கற்க வேண்டும்.

கதை முழுவதையும் படித்துவிட்டு வரைவதற்குப் பல வாரங்களில் அவகாசம் இராது. ஒரு தொடர்கதையின் மூன்றாம் அத்தியாயத்தில், கதாநாயகன் யுத்தத்தில் இடக்கையை இழந்துவிட்டதாக ஆசிரியர் உருக்கமாக எழுதியிருக்கிறார். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். வேறொருவர் படம் போட்டார். ஒன்பதாம் அத்தியாயத்துக்கு நான், அவனை இரண்டு கையாலும் மாட்டு வண்டிக் கயிற்றை இழுத்துப் பிடித்துச் சாலையில் பறக்கும்படி வரைந்துவிட்டேன். படம் நன்றாகவே அமைந்திருந்தது. காளையின் திமிலில் நான் போட்ட நிழலை இன்றும் என்னால் குறை சொல்ல முடியாது. அடுத்த வாரம் வாசகர் கடிதங்கள் வந்தன. கை முளைக்க வைத்தியம் செய்தவரின் விலாசம் கிடைக்குமா, எங்கள் ஊரிலும் ஒருவர் இருக்கிறார் என்று ஒரு வாசகர் விநயமாகக் கேட்டிருந்தார். பத்திரிகாசிரியர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வாரக் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். பேரேட்டில் ‘காளை வண்டி, பாதி’ என்று எழுதியிருக்கிறேன்.

கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் பிறந்தார்கள், வாடகை உயர்ந்தது. பத்திரிகை வேலை போதாமல் இரவில் சினிமா பேனர் எழுதும் கூடத்துக்குப் போனேன். சின்ன ஸ்டில்லில் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் ஆள் உயரத்துக்குப் போட்டு, கட்டம் கட்டமாக நடிகரின் கன்னத்தை ஏற்றுவோம். சாரத்தில் நின்றுகொண்டு ஒரு கண்ணை மட்டும் எழுதுகிறவனுக்கு, எழுதுவது கண்ணா குளமா என்று தெரியாது. இறங்கி வீதியின் எதிர்ப்புறம் போய் நின்றால்தான் தெரியும். முகத்தில் ரோஜா நிறமும் நிழலில் நீலமும் பச்சையும் வாரி அடிக்கும் அந்தத் துணிச்சல், கல்லூரியில் ஒருவரும் எனக்குக் கற்றுத்தராதது. அந்தக் கூடத்து நண்பர்களுக்கு நான் பட்ட கடன் பெரிது.

இப்படிப் பத்து வருஷம். பேரேட்டைப் புரட்டினால், இடப்பக்கம் எறும்பு ஊர்ந்தாற்போல் நெருங்கி எழுதியிருக்கிறது. வலப்பக்கத்தில், 1975இல் ‘அம்மா, பென்சில்’ என்று ஒரு வரி; 1978இல் ‘மூர் மார்க்கெட், மழை’ என்று ஒரு வரி; பிறகு வெறுமை. எனக்கு வேலை இல்லாமல் இல்லை. ஓய்வு இல்லாமலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கித்தான் முன்னால் உட்காருவேன். கை தானாக ஓடும். ஓடி முடித்துப் பார்த்தால், கித்தானில் ஒரு தொடர்கதை நாயகி, புருவத்தை அளவாக நெரித்துக்கொண்டு, அடுத்த இதழுக்குக் காத்திருப்பாள்.

1980களில், ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணன் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ எழுதத் தொடங்கினார். கி.ரா.வின் இடைசெவல் எங்கள் ஊருக்குப் பக்கம். அவர் எழுதிய மண் என் காலில் ஒட்டிய மண். அதற்குப் படம் வரைந்தவர் கே.எம். ஆதிமூலம். திருச்சிப் பக்கத்துக்காரர். எங்கள் கல்லூரியில் எனக்கு முன்பே படித்து வெளியேறியவர். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களைக் கண்டு மாணவர்கள் நாங்கள் வாயடைத்து நின்றிருக்கிறோம். இப்போது, அடுக்களை வெளிச்சத்தில் அந்த இதழைப் புரட்டிய நான், ஒரு கரிசல்காட்டுச் சம்சாரியின் தலைப்பாகையைப் பார்த்தேன். நாலைந்து முரட்டுக் கோடு. அவ்வளவுதான். ஆனால் அந்தத் துணியின் அழுக்கும், அதற்குக் கீழே வெயிலில் சுருங்கிய கண்ணும், மழை வருமா என்று மேற்கே பார்க்கிற அந்தக் கழுத்துத் திருப்பமும் என் தாத்தாவுடையவை. என் தாத்தாவை ஒரு திருச்சிக்காரர் வரைந்துவிட்டார். நான் அவரை ஒருநாளும் வரைந்ததில்லை.

பொறாமை என்று சொல்லிவிடலாம், பொறாமைதான். அது தணிந்த பிறகு, வேறொன்றை யோசித்தேன். ஆதிமூலமும் உத்தியோகம் பார்த்தவரே. கைத்தறி நெசவாளர் சேவை மையத்தில் துணிகளுக்கு வடிவம் அமைத்தவர். ஓவியர் ரெட்டப்ப நாயுடுவும் அங்கே வேலை பார்த்தவர். பணிக்கருக்குத் தந்தி, சோழமண்டலத்தாருக்கு மெழுகு. கூலி வேலை செய்யாதவர் என்று அவர்களில் யாரும் இல்லை. ஆகவே கூலி என்னைக் கெடுத்தது என்று நான் பத்து வருஷமாக மனத்துக்குள் வைத்திருந்த பிராது நிற்கவில்லை. வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது. சேலைத் தலைப்புக்கு வடிவம் போடுகிற கண், வர்ணத்தையும் இடைவெளியையும் பழகும். ஆனால் மனித முகத்தைத் தொடாது. மாலையில் அந்த முகம் வரைவதற்குப் புதிதாகக் காத்திருக்கும். நானோ பகல் முழுவதும் முகத்தை விற்றுவிட்டு, அதே முகத்தை இரவில் எனக்கென்று தேடினேன்.

நம் ஊரில் பங்காளி என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரே ரத்தம், ஒரே குலசாமி, சாவுக்கு மொட்டை போடுகிறவனும் அவன்தான், வரப்பை அரையடி நகர்த்தி நடுகிறவனும் அவன்தான். கலைஞனுக்குக் கூலி வேலை அப்படிப்பட்ட பங்காளி. அவனை விரட்ட முடியாது, விரட்டினால் அடுப்பெரியாது. பாகப்பிரிவினையை மட்டும் ஒழுங்காகச் செய்து, இந்த வயல் உனக்கு, இந்த வயல் எனக்கு என்று கல் நட்டுக்கொள்ள வேண்டும். நான் கல் நட்டது நேரத்தில். விடியற்காலை நாலரையிலிருந்து ஏழு மணி வரை என் வயல். அதில் முகம் வரைவதில்லை என்று சபதம் செய்துகொண்டேன். முதல் ஆறு மாதம் வரைந்ததெல்லாம் வெடித்த கரிசல் தரைதான். வெடிப்பு எங்கே ஓடும் என்று தரைக்கே தெரியாது; ஈஞ்சம்பாக்கத்து மெழுகுத் துணியின் நரம்புகள் அப்போதுதான் எனக்கு உபயோகப்பட்டன.

1991இல், கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் கூடத்தில் என் முதல் தனிக் கண்காட்சி நடந்தது. சட்டம் போட்ட செலவு, படம் விற்ற வரவைவிட அதிகம். இரண்டு படம் விற்றது. அன்று இரவு பேரேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் விழித்தேன். கேட்டு வரைந்ததல்ல, ஆகவே வலப்பக்கம். பணம் வந்திருக்கிறது, ஆகவே இடப்பக்கம். அண்ணாச்சி இந்தச் சிக்கலுக்கு வழி சொல்லிவைக்கவில்லை. முடிவில் இரண்டு பக்கமும் சேருகிற தையலின் மேலேயே, எழுத்து மடிப்பில் விழுந்து பாதி மறையும்படி எழுதினேன். மூன்று மாதம் கழித்து, வாங்கியவர்களில் ஒருவரின் நண்பர் வந்து, அதே வெடிப்பு, அதே அளவு, தம் வீட்டு ஸோபாவுக்குப் பொருந்தும்படி கொஞ்சம் பழுப்பாக ஒன்று வேண்டுமென்றார். மரியாதையான மனிதர், நல்ல விலையும் சொன்னார். வரைந்து கொடுத்தேன். அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

2000ஐ ஒட்டி டிஜிட்டல் பேனர் வந்தது. சாரத்தில் நின்று கன்னம் எழுதிய என் நண்பர்களின் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஒருவர் பள்ளிக்கூடச் சுவர்களில் திருவள்ளுவரும் வாய்பாடும் எழுதினார்; இன்னொருவர் வர்ணக்கடையிலேயே விற்பனைக்கு நின்றார். பத்திரிகைகளிலும் புகைப்படம் சித்திரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பங்காளி நொடித்துப்போனால் நமக்கு நிலம் கூடும் என்று நினைக்கிறவன் விவசாயம் தெரியாதவன். வரப்பு ஓரத்தில் நாமும் சேர்ந்தே வாடுவோம். கோபுலுவைத்தான் அந்நாளில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வார இதழை விட்டு விளம்பரத் தொழிலுக்குப் போனவர். முதுமையில் பக்கவாதம் வலக்கையைச் செயலிழக்கச் செய்தபோது, இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். ஆயுள் முழுவதும் சேர்த்த கோட்டை மறு கைக்கு மாற்றி எழுதுவதென்றால் அதற்கு எவ்வளவு சிரத்தை வேண்டும் என்பதை, ஒருமுறை இடக்கையால் தம் கையொப்பத்தை இட்டுப் பார்க்கிறவர் அறிவார்.

போன மாதம் சாத்தூரிலிருந்து வந்து சென்னையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். விளம்பர நிறுவனம் ஒன்றில் நாள் முழுவதும் கணினிப் பலகையில் வரைகிறாராம். பிரியாணிக்கும் வங்கிக் கடனுக்கும் பொம்மை போட்டு அலுத்துவிட்டதாம். கையில் சுருட்டி வைத்திருந்த தாள்களை விரித்தார். கரியில் வரைந்த பட்டாசுத் தொழிலாளிகளின் விரல்கள். மருந்து படிந்து, நகக்கண் வெள்ளியாகப் பளபளக்கும் விரல்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, வேலையை விட்டுட்டு முழுசா இதுலயே எறங்கலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

"வாடகை எவ்வளவு தம்பி?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றத்தோடு தொகையைச் சொன்னார். மேஜைமேல் கிடந்த கல்யாணப் பத்திரிகையின் உறையைத் திருப்பி அதன் முதுகில் எழுதினேன். ஊருக்கு அனுப்புவது எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு, கரியும் தாளும் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனைத் தயங்கித் தயங்கிச் சொன்னார், அதையும் எழுதினேன். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டேன். கூட்டல் அவருக்கும் சரியாக வரவில்லை, எனக்கும் வரவில்லை. இரண்டு தடவை அடித்து எழுதினோம்.

தேநீர் கொண்டுவர உள்ளே போனேன். பணிக்கருடைய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக்கு வித்திட்டது ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கம்தான் என்று கல்லூரி மரத்தடியில் கேட்டதை, அடுப்பருகே நின்றபடி நினைத்துக்கொண்டேன்; அதை இந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டும் என்றும் எண்ணினேன். தம்ளர்களோடு திரும்பி வந்தபோது, அவர் உறையின்மேல் குனிந்திருந்தார். வாடகைக்கும் கடனுக்கும் நடுவே இருந்த விரற்கடை இடத்தில், என் பென்சிலால், ஒரு கட்டைவிரல் முளைத்துக்கொண்டிருந்தது. எழுந்த கோடு ஏழாம் எண்ணின் வாலைத் தொட்டு, அதையே நகத்தின் ஓரமாக வளைத்துக்கொண்டு போயிற்று.

தம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.